உறைபனியில் வெறும் பாதம்: நாயின் கால் ஏன் விறைத்துப்போவதில்லை?

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை. டொரன்டோவில் அன்று 30 சென்டிமீட்டருக்கும் மேல் பனி கொட்டியது. பள்ளிகள் மூடப்பட்டன, சாலைகளில் வண்டிகள் ஆங்காங்கே சிக்கி நின்றன, பெரியவர்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் வீட்டிலேயே இருந்தன. இத்தகைய நாட்களில் நாய் வளர்க்கும் வீட்டின் பின்வாசலில் நின்று பார்த்தால், பிள்ளைகள் இரண்டு சோடிக் காலுறை, முழங்கால் வரை காலணி, கையுறை, குல்லாய் என்று கால் மணி நேரம் செலவழித்து வெளியே இறங்கும்போது, அவர்கள் வீட்டு லாப்ரடார் ஒன்றும் அணியாமல் பாய்ந்தோடி, மார்பளவு பனியை முகத்தால் உழுதுகொண்டிருப்பதைக் காணலாம். “அம்மா, அதுக்குக் கால் குளிராதா?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். மிகச் சரியான கேள்வி அது. அதன் விடை நாயின் பாதத்துக்குள், கண்ணுக்குத் தெரியாத இரத்தக் குழாய்களின் அமைப்பில் இருக்கிறது.

நாயின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ். நம்முடையதைவிடச் சற்று அதிகம். பாதத்தின் அடியில் உள்ள மெத்தைகளில் முடி கிடையாது. வெற்றுத் தோல் பனியைத் தொடும் இடம் அது. உடலின் சூட்டோடு இரத்தம் அங்கே போய்ச் சேர்ந்தால், அந்தச் சூடு முழுவதும் பனியை உருக்குவதில் வீணாகும். குளிர்ந்த இரத்தம் அப்படியே மார்புக்குத் திரும்பினால் இதயமும் ஈரலும் குளிர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மனித உடல் இந்தச் சிக்கலுக்குப் பெரும்பாலும் கண்டுள்ள வழி, விரல்களுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி இரத்தத்தைக் குறைத்துவிடுவது. உடலின் நடுப்பகுதி தப்பிக்கிறது. விரல் நுனி வெளுத்து, மரத்து, குளிர் நீடித்தால் திசுவே உறைந்து அழுகிப்போகிறது.

நாயின் பாதம் இதற்கு வேறொரு வழியையும் வைத்திருக்கிறது. டோக்கியோவில் உள்ள யமசாகி ககுவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோயோஷி நினோமியாவும் அவருடைய குழுவினரும் நாயின் பாதத்து இரத்தக் குழாய்களுக்குள் பிசினைச் செலுத்தி இறுகவைத்து, சுற்றியுள்ள திசுவை அகற்றிவிட்டு, எஞ்சிய வார்ப்பை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாத மெத்தைக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் தனியாகச் செல்லவில்லை. இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் மெல்லிய சிரைகள் அவற்றை ஒட்டி, வலைபோலச் சூழ்ந்திருந்தன. இரண்டுக்கும் இடையே இருப்பது மெல்லிய குழாய்ச் சுவர்தான். ஆகவே கீழே இறங்கும் சூடான இரத்தம் பனியை நெருங்குவதற்கு முன்பே, மேலே ஏறும் குளிர்ந்த இரத்தத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. பாதத்தை அடையும் இரத்தம் ஏற்கெனவே குளிர்ந்திருக்கிறது. உடலுக்குத் திரும்பும் இரத்தம் ஏற்கெனவே சூடாகியிருக்கிறது.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறதென்றால், இரண்டு ஓட்டங்களும் எதிரெதிர்த் திசையில் செல்வதில்தான். ஒரு கணக்குக்காக, இறங்கும் இரத்தம் 38 பாகையிலும் ஏறும் இரத்தம் 2 பாகையிலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே திசையில் சம அளவில் பக்கம் பக்கமாக ஓடினால், எவ்வளவு தூரம் ஓடினாலும் இரண்டும் 20 பாகையில் சமமாகி நின்றுவிடும். அதற்குமேல் வெப்பம் கைமாற வழியில்லை. எதிரெதிராக ஓடும்போது நிலைமை வேறு. ஏறிவரும் இரத்தம் ஒவ்வொரு புள்ளியிலும் தன்னைவிடச் சற்றே சூடான இரத்தத்தைச் சந்தித்துக்கொண்டே போகிறது. வழி நெடுகிலும் வெப்பநிலை வேறுபாடு அற்றுப்போவதே இல்லை. குழாய்களின் நெருக்கமும் நீளமும் போதுமானால், 2 பாகையில் புறப்பட்ட இரத்தம் மேலே வந்து சேரும்போது 38 பாகையை நெருங்கிவிட முடியும். பால் பதனிடும் ஆலைகளிலும் இதே தத்துவந்தான் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது: காய்ச்சி வெளியேறும் பாலின் சூட்டை, எதிர்த்திசையில் உள்ளே வரும் குளிர்ந்த பால் வாங்கிக்கொள்கிறது. பென்குவினின் காலிலும் திமிங்கிலத்தின் நாக்கிலும்கூட இத்தகைய குழாய் அமைப்பு உண்டு.

பலரும் தவறாக நினைப்பது ஒன்றை இங்கே தெளிவுபடுத்த வேண்டும். இந்த ஏற்பாடு பாதத்தைச் சூடாக வைப்பதற்கானது அன்று. உடலைச் சூடாக வைத்து, பாதத்தைக் குளிரவிடுவதற்கானது. பனியிலிருந்து வந்த நாயின் பாத மெத்தையைக் கையில் பிடித்துப் பார்த்தால் அது சில்லென்றிருக்கும். அதே காலில் ஒரு சாண் மேலே கைவைத்தால் சூடு தெரியும். அப்படியானால் பாதம் உறையாமல் இருப்பது எப்படி? 1972-இல் ஆய்வாளர் ராபர்ட் ஹென்ஷாவும் அவருடைய சகாக்களும் துருவ நரி, ஓநாய் ஆகியவற்றின் பாதத்தை −35 பாகைக்குக் குளிரூட்டிய திரவத்தில் அமிழ்த்தி அளந்தார்கள். பாதத்தின் வெப்பநிலை திசு உறையும் புள்ளியான −1 பாகைக்குச் சற்று மேலே வந்ததும் இறக்கம் நின்றது. அந்த எல்லையை எட்டியதும் மெத்தையின் தோலில் உள்ள குழாய்வலைக்கு, உறையாமல் இருக்கத் தேவையான அளவு மட்டும் இரத்தம் சென்றது. எவ்வளவு கஞ்சத்தனமான, எவ்வளவு துல்லியமான கட்டுப்பாடு! நாயின் மூதாதை ஓநாய்தான் என்பதால், சோபாவில் படுத்திருக்கும் வளர்ப்பு நாயின் காலிலும் இந்தக் குழாய்வலை இருப்பதில் வியப்பில்லை.

ஆனால் பாதம் தப்பினால் நாய் முழுவதும் தப்பிவிடும் என்று பொருளல்ல. இரட்டை அடுக்கு முடி கொண்ட ஹஸ்கி மணிக்கணக்கில் பனியில் கிடக்கும். மெல்லிய முடி கொண்ட கிரேஹவுண்டோ, எடைக்கு மிஞ்சிய மேற்பரப்பு கொண்ட சிவாவாவோ சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கிவிடும். குட்டிகளும் முதிய நாய்களும் இவற்றோடு சேர்த்தி.

பாதத்துக்கு உண்மையான தொல்லை குளிரைவிடப் பனிக்கட்டியாலும் உப்பாலும் வருவது. விரல்களின் இடுக்கில் முடி இருக்கிறது. அந்த இடுக்கின் சூட்டில் பனி சிறிது உருகி முடியை நனைக்கும். வெளிக்குளிர் அந்த நீரை மறுபடி உறையவைக்கும். அதன்மேல் அடுத்த அடுக்குப் பனி ஒட்டும். நாய் ஓட ஓட இது திரண்டு கோலிக்குண்டு அளவுக்கு வளர்ந்து விரல்களை அகற்றிப் பிரிக்கும், முடியை வேரோடு இழுக்கும். ஓடிக்கொண்டிருந்த நாய் திடீரெனப் பனியில் உட்கார்ந்து பாதத்தைக் கடிக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். −15 பாகையில் பொடியாகக் கிடக்கும் உலர்ந்த பனி எளிதில் திரளாது. −1, −2 பாகையில் பெய்யும் ஈரப்பனிதான் நன்றாக ஒட்டிக்கொள்ளும். எனவே வெப்பமானியில் மிதமாகத் தெரியும் நாளில் விரலிடுக்கைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அந்த முடியை மெத்தையின் மட்டத்துக்குக் கத்தரித்துவிடுவது நல்ல பயன் தரும்.

உப்பின் கதை இன்னும் மோசமானது. பனியை உருக்குவதற்காகச் சாலையில் தூவப்படும் உப்பான சோடியம் குளோரைடு, நீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. சரியான விகிதத்தில் கலந்தால் −21 பாகை வரை அது திரவமாகவே இருக்கும். புதுப்பனியின் பெரும்பகுதி காற்று என்பதால் அது வெப்பத்தை மெதுவாகத்தான் உறிஞ்சுகிறது. நீரோ காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. ஆகவே நடைபாதையில் தேங்கிய உப்புச் சேறு, உறைநிலைக்கும் கீழே குளிர்ந்து, பாதத்தில் ஒட்டிக்கொண்டு, பக்கத்துப் புல்வெளியின் பனியைவிட வேகமாகச் சூட்டை உறிஞ்சுகிறது. தோலையும் உலர்த்தி வெடிக்கவைக்கிறது. சில கலவைகளில் சேர்க்கப்படும் கால்சியம் குளோரைடு நீரில் கரையும்போது வெப்பத்தை வெளியிடுவதால், வெடிப்புள்ள மெத்தையில் பட்டால் சுடுவதுபோல எரியும். வீட்டுக்கு வந்த நாய் அதை நக்கினால் வாந்தி வரலாம். பனியில் குதித்தாடிய நாய் நடைபாதையில் கால் வைத்ததும் ஒவ்வொரு பாதமாக மாற்றி மாற்றித் தூக்குவதைப் பிடிவாதம் என்று எண்ணி இழுத்துச் செல்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது வலியின் அடையாளம்.

வாசலுக்கு வந்ததும் நாய் உடம்பை உதறும். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ஆன்ட்ரூ டிக்கர்சன், டேவிட் ஹூ ஆகியோர் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, லாப்ரடார் அளவுள்ள நாய் நொடிக்கு நான்கைந்து முறை இப்படிச் சுழன்று உதறுகிறது. சுண்டெலி நொடிக்கு 30 முறை உதற வேண்டியிருக்கிறது. நனைந்த முடி காற்றைப் பிடித்துவைக்க முடியாமல் தன் காப்பை இழந்துவிடுவதால், உதறுவது நாய்க்கு வெறும் பழக்கமல்ல, சூட்டைக் காக்கும் வேலை. தெறிக்கும் நீரைத் தாங்கிக்கொண்டு, அது உதறி முடித்த பிறகு துண்டை எடுப்பதே நல்லது. பாதங்களை வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கைத் துடைத்தால் உப்பும் பனிக்கட்டியும் போய்விடும். குளிர்ந்த பாதத்தில் உணர்வு குறைந்திருக்கும் என்பதால் சூடான நீர் கூடாது. தோல் வெந்தாலும் நாய்க்கு உடனே தெரியாது.

அலாஸ்காவில் 1973 முதல் நடைபெறும் இடிடராட் சறுக்குவண்டிப் பந்தயத்தில், ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் ஓடும் ஒவ்வொரு நாய்க்கும் 8 துணிக் காலுறைகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாய்களின் பாதங்கள் குளிரைத் தாமே சமாளித்துக்கொள்கின்றன. காலுறை, கூரான பனித்துகள் மெத்தையை அறுக்காமலும் விரலிடுக்கில் பனிக்கட்டி திரளாமலும் இருப்பதற்காகவே அணிவிக்கப்படுகிறது.