அட்ஜுவன்ட்: கட்டியை எடுத்த பிறகும் ஏன் கீமோ?

மதினிக்கு மார்பகப் புற்று. ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் கழித்து, உசிலம்பட்டியில் பஸ் ஏறி ஆரப்பாளையத்தில் இறங்கியவர், மஞ்சப்பையிலிருந்து ஃபைலை எடுத்து என்னிடம் நீட்டினார். டாக்டர் எழுதியிருந்தது 'அட்ஜுவன்ட் கீமோ'. "கட்டியத்தான் அறுத்து எடுத்துட்டாகளே தம்பி, பெறகு எதுக்கு ஊசி? மிச்சம் விட்டுட்டாகளோ?"

அவர் பயந்தது போல எதுவும் இல்லை. பதில் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

லத்தீனில் 'அட்யுவாரே' என்றால் கைகொடுத்து உதவுவது. ஆங்கிலத்தில் உதவிக்குச் சொல்லும் 'எய்ட்' கூட இதே வேரில் கிளைத்ததுதான். தடுப்பூசி மருந்தின் வீரியத்தைக் கூட்டச் சேர்க்கும் பொருளுக்கும் அட்ஜுவன்ட் என்றே பெயர், அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். புற்றுநோயில் முதன்மைச் சிகிச்சை பெரும்பாலும் ஆபரேஷன், அதற்குக் கைகொடுக்க வருவது அட்ஜுவன்ட். கத்தி வைப்பதற்கு முன்பே ஒன்றிரண்டு புற்றணுக்கள் ரத்தத்தின் வழியாக வேறு எங்காவது போய் ஒட்டியிருக்கலாம், எந்த ஸ்கேனிலும் அது தெரியாது, ஆபரேஷன் எவ்வளவு சுத்தமாக நடந்திருந்தாலும் அங்கே கத்தி எட்டாது, ரத்தத்தோடு போகிற மருந்துதான் போய்ச் சேரும். 1976-இல் மிலானில் ஜியானி பொனதோன்னாவின் குழு, அக்குள் நிணநீர் முடிச்சு வரை நோய் போயிருந்த பெண்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்து, நோய் திரும்ப வருவது குறைகிறது என்று காட்டியது.

கீமோ மட்டும்தான் அட்ஜுவன்ட் என்று இல்லை. நம்ம ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்கிற கதிர்வீச்சும், ஹார்மோனால் வளரும் கட்டி என்றால் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம் தினமும் போடும் டமாக்சிஃபென் மாத்திரையும், ஹெர்2 புரதம் மிகுந்த கட்டி என்றால் சுமார் ஒரு வருடம் போடும் ட்ராஸ்டுசுமாப் ஊசியும் இதில்தான் சேரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'துணை மருத்துவம்' என்று எழுதினால் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் சேரும் துணை மருத்துவப் படிப்புதான் நினைவுக்கு வரும். 'துணைச் சிகிச்சை' பரவாயில்லை. ஆனால் துணை வட்டாட்சியர் என்றே கேட்டுப் பழகிய காதுக்கு, துணை என்றால் ஒரு படி கீழே, இல்லாவிட்டாலும் நடக்கும் என்று படுகிறது. 'நல்லாத்தானே இருக்கேன்' என்று பாதியில் மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் இது எனக்கு வெறும் சொல் பிரச்சினையாகத் தெரியவில்லை. மதினியிடம் கல்யாணப் பத்திரிகையைச் சொல்லித்தான் விளக்கினேன். மேலே 'மீனாட்சி சுந்தரேசுவரர் துணை' என்று போடுகிறோமே, அந்தத் துணை யாருக்கும் கீழே இல்லை. வழித்துணை என்பதிலும் அப்படித்தான், கூட வருகிறவர் பாதி வழியில் திரும்பினால் அது துணையே இல்லை.

ஆபரேஷனுக்கு முன்பே கொடுத்தால் 'நியோஅட்ஜுவன்ட்'. நியோ என்பது கிரேக்கத்தில் 'புதிது', 'முன்' என்ற பொருளே அதில் கிடையாது. அப்படியே பெயர்த்து 'புதிய துணை' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. முன்துணைச் சிகிச்சை, பின்துணைச் சிகிச்சை என்று சொன்னால் எது எப்போது என்று கேட்டவுடன் தெரியும். முன்துணையில் கட்டி சுருங்கினால் மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்க வழி கிடைக்கலாம். அப்புறம், மருந்து அந்தக் கட்டியிடம் எடுபடுகிறதா என்பதும் கண்ணெதிரே தெரிந்துவிடும். ஹெர்2 வகையில் முன்துணைக்குப் பிறகும் ஆபரேஷனில் புற்று மிச்சம் தெரிந்தால், ட்ராஸ்டுசுமாப்போடு கீமோ மருந்தைக் கோத்த இன்னொரு ஊசிக்குப் பின்துணையை மாற்றுகிறார்கள். ஹார்மோன் வந்து ஒட்டுகிற ஏற்பியும் ஹெர்2 மிகுதியும் இல்லாத வகையில், நோய் திரும்பும் ஆபத்து கூடுதலாக இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் கொடுக்க அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. புற்றணு நம் எதிர்ப்பணுக்களுக்குப் போடும் தடையை விலக்குகிற மருந்து அது. முதலில் கீமோவோடு முன்துணை, ஆபரேஷன் முடிந்ததும் தனியாகப் பின்துணை.

மதினி ஊசித் தேதி குறிக்க ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன் கீழே அவர் கையெழுத்தில் 'பின்துணை ஊசி 1'.