மார்பக ஆபரேஷன் முடிந்ததா? கையைப் படுக்கப் போடாதீர்கள்

போன வாரமும் என்னிடம் பிசியோதெரபிக்கு ஒருவர் வந்தார். மேலூர் பக்கத்துக் கிராமம், ஐம்பதைத் தாண்டிய அம்மா. மார்பகப் புற்றுநோய். கீமோவை முதலிலேயே முடித்து, இடது மார்பகத்தை எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. தழும்பு நன்றாக ஆறியிருக்கிறது. அடுத்து கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. அதற்கான ஸ்கேன் மேசையில் படுக்கவைத்துக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னால், கை தோள் உயரத்துக்கே வரவில்லை. "பிசியோதெரபி செய்து கையைத் தூக்க வைத்துக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கூட வந்த கணவர் சொன்னார்: "இந்தக் கையால ஒரு டம்ளரக்கூடத் தூக்க விடலைங்க மேடம். பழைய சேலையக் கிழிச்சுத் தொட்டில் மாதிரி கட்டி அதுலயே வச்சிருந்தோம்." பெருமையாகத்தான் சொன்னார். அந்த மனிதரைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

என்னிடம் தோள் இறுகி வருகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் கவனிக்க ஆளில்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ரொம்பவும் கவனிக்கப்பட்டவர்கள். சோறு ஊட்டிவிட்டு, தலை சீவிவிட்டு, ஜாக்கெட் மாட்டிவிட்டு, கையை மட்டும் அசையவிடாமல் காத்திருக்கிறார்கள்.

"கையைத் தூக்கினால் தையல் பிரிந்துவிடும்." இந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தெருவில் யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. சரி, பொறுமையாகவே சொல்கிறேன். தையல் போட்டிருப்பது தோலிலும் தோலுக்கு அடியிலும். அது நெஞ்சின் குறுக்கே ஓடுகிறது, தோள் மூட்டில் இல்லை. நீங்கள் இருமுவீர்கள், தும்முவீர்கள், எழுந்து உட்காருவீர்கள் என்று தெரிந்துதான் சர்ஜன் தையல் போடுகிறார். முகம் கழுவுவதாலும் தலை சீவுவதாலும் அது பிரியாது. கையை நீட்டும்போது அக்குளிலும் நெஞ்சிலும் 'இழுக்கிற' உணர்வு வரும். அது தோலும் தழும்பும் இறுக்கமாக இருப்பதால் வருவது, உள்ளே எதுவும் கிழியவில்லை. அந்த இழுப்புக்குப் பயந்து நிறுத்தினால் மறுநாள் இழுப்பு கூடும், அதற்கடுத்த நாள் இன்னும் கூடும். இரண்டு மாதத்தில் தோள் பூட்டிக்கொள்ளும்.

பாட்டிமார் சொல்வதற்கும் ஒரு காரணம் இருக்கலாம். 1894-ல் அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் எழுதிவைத்த முறையில் மார்பகத்தோடு அடியிலுள்ள நெஞ்சுத் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பல பத்தாண்டுகள் உலகமெங்கும் அதுதான் நடந்தது. அப்படி ஆபரேஷன் செய்துகொண்ட பல பெண்களுக்குக் கை பழையபடி வரவில்லை. இன்று பெரும்பாலும் அந்தத் தசையைத் தொடுவதில்லை. மார்பகம், அதோடு தேவைக்கேற்ப அக்குளில் உள்ள நிணநீர்க் கட்டிகள், அவ்வளவுதான். தசை முழுசாக இருக்கும்போது கையை ஏன் கட்டிப்போட வேண்டும்?

பயப்படுகிற இன்னும் இரண்டு விஷயங்கள். மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகும், சிலருக்கு எரியும். அக்குளில் ஓடும் ஒரு மெல்லிய உணர்வு நரம்பு ஆபரேஷனில் பாதிக்கப்படுவதால் வருவது. கையின் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, சில வாரம் கழித்து அக்குளிலிருந்து முழங்கை வரை தோலுக்கடியில் கயிறு போல ஒன்று விறைத்து நிற்கும். "நரம்பு சுருண்டுக்கிச்சு" என்று எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவர்களிடம் போகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். அது நரம்பு இல்லை, முறையான பயிற்சியில் சில வாரங்களிலோ மாதங்களிலோ தளர்ந்துவிடும்.

அப்படியானால் எப்போது, எவ்வளவு? ஆபரேஷனுக்கு மறுநாளே விரல்களை மடக்கி நீட்டுங்கள், மணிக்கட்டைச் சுற்றுங்கள், முழங்கையை மடக்குங்கள். உங்கள் கையாலேயே சாப்பிடுங்கள், பல் துலக்குங்கள். புண்ணில் ஊறும் நீரை வெளியே இழுக்க வைத்திருக்கும் குழாய் இருக்கும்வரை கை தோள் உயரத்தைத் தாண்ட வேண்டாம். குழாயை எடுத்தபின், சர்ஜன் சரி என்றதும், சுவரைப் பார்த்து நின்று விரல்களால் மெதுவாக ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள், நாளைக்கு அதற்குக் கொஞ்சம் மேலே. ஒரேயடியாக ஒரு மணி நேரம் செய்துவிட்டுப் படுப்பதைவிட, ஐந்து நிமிடமாக நாளைக்கு மூன்று நான்கு தடவை செய்வது நல்லது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் கை பழையபடி மேலே போய்விடும். அதே ஆபரேஷனில் மார்பகத்தைத் திரும்ப உருவாக்கியிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். அவர்கள் தங்கள் சர்ஜன் சொல்வதை மட்டும் கேளுங்கள், இதைப் படித்துவிட்டுச் செய்யாதீர்கள்.

வலி மாத்திரை போட்டால் கிட்னி போய்விடும் என்று மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிற அம்மாக்கள் உண்டு. டாக்டர் எழுதிக்கொடுத்த அளவில், அவர் சொன்ன நாட்களுக்குப் போடுங்கள். மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தால் கை சொன்னபடி கேட்கும். கிட்னியில் ஏற்கெனவே பிரச்சினை இருந்தால் அதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும், தலையணையிடம் இல்லை.

"பூக் கட்டலாமா மேடம்?" எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. தாராளமாகக் கட்டலாம். முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க விரல்கள் மட்டும் ஓடுகிற வேலை அது, மல்லிகைக்கும் நல்லது உங்களுக்கும் நல்லது. ஒரே உட்காரலில் பத்து முழம் கட்டிவிட்டுத்தான் எழுவேன் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்தால் போதும்.

ஆபரேஷனுக்கு முன்னால் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். நாள் குறித்ததும் கோயிலுக்குப் போகிறார்கள், ஜோசியரைப் பார்க்கிறார்கள். போகட்டும். அதோடு ஒரு தடவை பிசியோதெரபிஸ்டையும் பாருங்கள். இரண்டு கைகளின் சுற்றளவையும் தோளின் அசைவையும் குறித்துவைத்துக்கொள்வோம். பின்னால் கை வீங்குகிறதா என்று பார்க்க அந்தப் பழைய அளவு வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேருகிறவர்கள் (குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்) ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். அட்மிஷன் அன்று கவுண்டரில் நின்றுகொண்டு 'ஸ்' இல்லை 'ஷ்' இல்லை என்று அலைய வேண்டாம்.

சுகர், பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் என்று உள்ளே போகிற எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் வேண்டாம். புகையிலை போடுகிறவர்கள் இன்றே நிறுத்தலாம், புண் ஆறுவது அதில் இருக்கிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று வீட்டிலேயே பிளேடால் அக்குளைச் சிரைத்துவிட்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் கிருமி சேரும். எடுக்க வேண்டுமானால் ஆபரேஷன் தியேட்டர் ஆட்கள் எடுத்துக்கொள்வார்கள். இறுகிப்போன வளையலையும் மோதிரத்தையும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழற்றிவிட்டு வாருங்கள். தாலியைப் பற்றி சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள், தியேட்டர் வாசலில் அழுகை வேண்டாம்.

வீட்டையும் கொஞ்சம் தயார் செய்ய வேண்டும். பாயில் படுக்கிற பழக்கம் இருந்தால் சில வாரத்துக்குக் கட்டில் போடுங்கள். தரையிலிருந்து எழும்போது கையை ஊன்றாமல் எழ முடியாது. கழிப்பறையில் உட்கார்ந்து எழ ஒரு நாற்காலி வசதி செய்யுங்கள். மேல் அலமாரியில் இருக்கும் மிளகாய்த்தூள், பருப்பு டப்பாக்களை இடுப்பு உயரத்துக்கு இறக்குங்கள். முன்னால் திறக்கிற நைட்டி மூன்று நான்கு வாங்குங்கள். தலை வழியாகப் போடுவது எதுவும் வேண்டாம். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், சிலிண்டர், பேரக்குழந்தை, நான்கையும் தூக்கக் கூடாது. முதல் சில வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் எதுவுமே வேண்டாம். குழந்தையை நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்ளலாம், நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு தலையணையோடு.

இப்போது அந்தக் குழாய். புண்ணுக்குள் ஊறும் நீரை வெளியே இழுக்க ஒரு குழாயும் அதன் நுனியில் அமுக்கினால் சுருங்கும் ஒரு டப்பாவும் வைத்து அனுப்புவார்கள். பலரும் செய்வது, நீரைக் கொட்டிவிட்டு அப்படியே மூடிவிடுவது. டப்பாவை நன்றாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அமுக்கியபடியே மூடினால்தான் அது உறிஞ்சும். உப்பிய டப்பா வேலை செய்யாது, நீர் உள்ளேயே தங்கிவிடும். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தினமும் ஒரே நேரத்தில் அளந்து, தேதியோடு எத்தனை மில்லி, என்ன நிறம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சிவப்பாக வருவது ரோஸ் ஆகி, பிறகு வைக்கோல் நிறத்துக்கு வரும். 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 30 மில்லிக்குக் கீழே இறங்கினால் எடுப்பார்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில். அதுவரை டப்பாவைத் தொங்கவிட்டுக்கொண்டு நடக்காதீர்கள். அப்பத்தாவின் சுருக்குப்பை இருக்கிறதல்லவா, அதைத் துவைத்து, டப்பாவை உள்ளே வைத்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். இதற்கென்று விற்கிற எந்தப் பையையும்விட அது நன்றாக உட்காருகிறது.

குழாய் எடுத்தபின் அந்த இடத்தில் நீர் சேர்ந்து தளும்பலாம். அடிக்கடி நடப்பதுதான், ஊசியால் எடுத்துவிடுவார்கள். வீட்டில் ஊசி வைத்துக் குத்துவது, மஞ்சள் பற்றுப் போடுவது, வேப்பிலை அரைத்துக் கட்டுவது கூடவே கூடாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு, நாற்றம், குழாயில் திடீரென்று புதிதாகச் சிவப்பு ரத்தம், இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே போங்கள். மூச்சு வாங்கினாலோ ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ராத்திரி என்றுகூடப் பார்க்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பத்தியம்! முட்டை சாப்பிட்டால் சீழ் பிடிக்கும், கறி சாப்பிட்டால் புண் ஆறாது, கத்தரிக்காய் அரிக்கும் என்று ரசஞ்சோறு மட்டும் போட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள். புண் ஆறுவதே புரதத்தில்தான். முட்டை, மீன், கறி, பருப்பு, சுண்டல், தயிர், எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொடுங்கள். சுகர் இருந்தால் அளவை மட்டும் பாருங்கள். தனித் தட்டு, தனி டம்ளர் வைப்பதையும் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். புற்றுநோய் ஒட்டாது. அந்தத் தனித் தட்டைப் பார்த்து அழாத பெண்ணை நான் பார்த்ததில்லை.

கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. கட்டுப் பிரித்து முதல் தடவை பார்க்கும்போது, மனைவி விரும்பினால், பக்கத்தில் நில்லுங்கள். ஆறுதல் எதுவும் சொல்லத் தெரியவில்லை என்றால் சொல்ல வேண்டாம், முகத்தைத் திருப்பாமல் இருங்கள். எடுத்த மார்பகத்தின் இடத்தில் உள்ளாடைக்குள் வைக்க ஆரம்பத்தில் பருத்திப் பஞ்சு வைத்த லேசான பேட் போதும், புண் முழுசாக ஆறிய பிறகு சிலிக்கான் வாங்கலாம். இரண்டுமே வேண்டாம் என்று அவர் சொன்னாலும் சரி.

கை வீக்கம் பற்றி. அக்குளில் நிணநீர்க் கட்டிகளை முழுசாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வரலாம், மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். அதற்குப் பயந்து கையைச் சும்மா வைத்திருப்பது உதவாது. கையைப் பயன்படுத்துங்கள், ஆனால் காயம் படாமல். அரிவாள்மனையில் கவனம், தோட்ட வேலைக்குக் கையுறை, தோசைக்கல்லில் சுட்டால் உடனே கழுவி மருந்து. ரத்தம் எடுக்கவும் ஊசி போடவும் முடிந்தவரை அடுத்த கையைக் கொடுங்கள். கை திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே ஆன்டிபயாடிக் வேண்டும். மாதம் ஒரு தடவை டேப் வைத்து அதே இடங்களில் அளங்கள், இரண்டு சென்டிமீட்டர் கூடினால் எங்களிடம் வாருங்கள். மோதிரம் இறுகினாலே வரலாம், வீக்கத்தை ஆரம்பத்தில் பிடித்தால் அடக்குவது சுலபம்.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கோ பாலரெங்கபுரம் புற்றுநோய் மையத்துக்கோ பஸ்ஸில் வருகிறவர்கள், ஆபரேஷன் ஆன பக்கம் ஜன்னலோரமாக இருக்கும்படி உட்காருங்கள். கூட்டத்தில் யாருடைய பையும் இடிக்காது. மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது சில மாதத்துக்கு வேண்டாம், சீட் கேட்க வெட்கப்படவும் வேண்டாம். மதுரைக்கு வந்து போகவே முடியாது என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். அவர்கள் வரும்போது அந்த நோட்டையும் டேப்பையும் எடுத்து வையுங்கள்.