வலப்பக்க வளைவும் மிதிபலகையும்

தரம் பத்துக்கு நியூற்றனின் விதிகளைப் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியைத்தான் முதலில் கேட்பேன். பஸ் வளைவில் திரும்பும்போது மிதிபலகையில் நிற்பவரை வெளியே தள்ளுவது எது?

"ஏதோ ஒரு விசை வெளிய இழுக்குது சேர்" என்று வகுப்பே சொல்லும். தலவாக்கலைப் பக்கத்திலிருந்து தினமும் தொங்கிக்கொண்டு வருகிற பையனும் அதையேதான் சொல்வான். அவன் உடம்பு உணர்ந்ததைச் சொல்கிறான், அதில் பிழையில்லை. ஆனால் ரோட்டோரம் நின்று அந்த பஸ்ஸைப் பார்ப்பவருக்கு, அவனை வெளியே இழுக்கிற விசை ஒன்றும் தெரியாது. ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

நியூற்றன் 1687இல் வெளியிட்ட முதலாம் விதி சொல்வது இதுதான்: வெளிவிசை தாக்காதவரை, ஓடும் பொருள் நேர்கோட்டில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். பஸ் தரையில் உருளும் தண்ணீர்ப் போத்தலைக் கவனித்திருக்கிறீர்களா? பஸ் வலப்பக்கம் திரும்பினால் போத்தல் இடப்பக்கம் ஓடும். போத்தலை யாரும் தள்ளவில்லை. அது நேரே போகிறது, பஸ்தான் அதற்கு அடியிலிருந்து விலகுகிறது. இதுதான் சடத்துவம்.

இனி நம் பஸ்களைப் பாருங்கள். கதவு இடப்பக்கம். ஆகவே இடப்பக்க வளைவில் பிள்ளை பஸ்ஸுக்குள் சாய்வான், பயமில்லை. வலப்பக்க வளைவில் அவன் நேரே போகப் பார்க்கிற திசையில் திறந்த கதவு இருக்கிறது. பல இடங்களில் அதற்கு அப்பால் மதில்கூட இல்லை, தேயிலைச் சரிவுதான்.

அவனையும் பஸ்ஸோடு சேர்த்துத் திருப்புவதற்கு வளைவின் மையத்தை நோக்கி ஒரு விசை வேண்டும். அதை மையநாட்ட விசை என்கிறோம். இருக்கையில் இருப்பவருக்கு அதை இருக்கையின் உராய்வும் பக்கத்தில் இருப்பவரின் தோளும் கொடுக்கும். ஒற்றைக் காலைப் பலகையில் வைத்துத் தொங்குகிறவனுக்குப் பெரும்பாலும் கைதான் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு? கரும்பலகையில் கணக்குப் போட்டே காட்டுவேன். திணிவு 50 கிலோகிராம், வளைவின் ஆரை 25 மீற்றர். மணிக்கு 20 கிலோமீற்றரில் போனால் ஏறக்குறைய 62 நியூற்றன். ஆறு கிலோவைத் தூக்கிப் பிடிப்பது மாதிரி, தாங்கலாம். 40 கிலோமீற்றர் ஆனால் 247 நியூற்றன், 25 கிலோ அரிசி மூட்டையின் பாரம். வேகம் இரு மடங்காகும்போது விசை நான்கு மடங்காகிறது, ஏனென்றால் சூத்திரத்தில் (விசை = திணிவு × வேகம்² ÷ ஆரை) வேகம் வர்க்கமாக இருக்கிறது. பரீட்சைக்காகப் பாடமாக்கும் அந்தச் சின்ன 2, காலையில் பஸ் ஏறும்போது அவன் உள்ளங்கையில் வந்து நிற்கிறது. மழைக்காலத்தில் கம்பி ஈரம், செருப்பும் ஈரம். உராய்வு குறைந்த நேரத்தில்தான் அது மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

வாகனம் ஓட்டுகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். பத்துத் தொன் பஸ் 500 மீற்றர் உயரம் இறங்கும்போது வெளியாகும் சக்தி, ஏறத்தாழ 145 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். குறைந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் பெரும்பாலும் பிரேக்கே தாங்க வேண்டும். மிதமிஞ்சிச் சூடானால் பிரேக் பிடிக்காது.

2025 மே 11 அன்று கொத்மலை கரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. விபத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாக இருக்கும். நான் பேசுவது, என் மாணவர்கள் தாங்களே மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றி.

இந்தத் தவணை ஒரு பிள்ளை கேட்டாள்: "பேக்கைக் கழட்டி உள்ள இருக்கிற அக்காகிட்ட குடுத்தா விசை குறையுமா சேர்?" ஆறு கிலோ பேக் என்று வைத்துப் போட்டுப் பார்த்தோம். 40 கிலோமீற்றரில் 277 நியூற்றன் 247க்கு இறங்கியது. வேகத்தை 30 ஆக்கிப் பார்த்தோம், பேக் இல்லாமல் 139. இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தால் எத்தனை நிமிடம் பிந்தும் என்று அவளே கேட்டாள். கால் மணி நேரம் என்றார்கள் பிள்ளைகள். அதையும் பலகையில் எழுதினோம்.