கட்டைவிரல் அடிமூட்டு வலியா? பந்தை அமுக்க வேண்டாம்

சத்தியமங்கலம் பக்கத்திலிருந்து வந்த அந்த அம்மாவுக்கு 64 வயது. வீட்டிலிருந்தபடியே மல்லிகைச் சரம் கட்டிக் கொடுப்பவர். உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "ரெண்டு மாசமா இதை அமுக்கிட்டே இருக்கறனுங்க கண்ணு. அமுக்க அமுக்க வலி சாஸ்தியாகுது. குக்கர் மூடி திறக்கக்கூட பேரனைக் கூப்புட வேண்டியிருக்குது" என்றார்.

வலி எங்கே என்றதும், கட்டைவிரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே எலும்பு சற்றுப் புடைத்துத் தெரிந்தது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் நான் அடிக்கடி பார்க்கிற மூட்டுத் தேய்மானம் இது. "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும், செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறதே என்று.

குதிரைமேல் சேணம் உட்கார்ந்திருப்பதுபோல அமைந்த மூட்டு அது. எல்லாப் பக்கமும் அசையும். அதனாலேயே எளிதில் நழுவவும் செய்யும். கட்டைவிரல் நுனியில் நீங்கள் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால், அடிமூட்டில் ஏறக்குறைய 12 கிலோ விழுகிறது என்று 1977-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். சாவியைத் திருப்புவது, துணி பிழிவது, முறுக்கு அச்சை அழுத்துவது எல்லாமே அந்த மூட்டின் தலையில்தான் விடிகிறது.

பந்தை இறுக்கும்போது, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுக்கும் தசைதான் பலமாகிறது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசை அது. அது இழுக்க இழுக்க, விரலின் அடி எலும்பு வெளிப்பக்கம் நழுவுகிறது. அதனால் இந்த வலிக்கு முதல் வேலை இறுக்குவது அல்ல, விரிப்பது.

அந்த அம்மாவை ஒரு துண்டு வாழைநாரில் முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னேன். நாரைப் பிடித்ததும் கட்டைவிரலின் நடுமூட்டு பின்னுக்கு வளைந்து, விரலே கோணலாக நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் பயிற்சியைத் தொடங்கினோம்.

வெந்நீரில் ஐந்து நிமிடம் கையை வைத்துவிட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை மற்ற கையால் மெதுவாக நீவி விட வேண்டும். பிறகு ஒரு டம்ளரைப் பிடிப்பதுபோல விரல்களை வளைத்து, கட்டைவிரலை வெளியே விரித்து ஐந்து எண்ணும் வரை வைத்திருக்கலாம். அடுத்து, கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் வட்டமாகத் தொட வேண்டும். தொட்டால் போதும், அழுத்தக் கூடாது. வட்டம் தட்டையாகிவிட்டால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

நான் விடாமல் வலியுறுத்துவது கடைசிப் பயிற்சியை. உள்ளங்கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, ஆள்காட்டி விரலைக் கட்டைவிரல் பக்கம் நகர்த்துங்கள். மற்ற கை விரலால் அதை லேசாகத் தடுங்கள். இரண்டு விரல்களுக்கும் நடுவே ஒரு சின்ன மேடு எழும்பும். அந்தத் தசைதான் அடி எலும்பை இடத்தில் நிறுத்த உதவுகிறது. ஒவ்வொன்றும் பத்து தடவை, காலையும் மாலையும். செய்து முடித்து இரண்டு மணி நேரமாகியும் வலி தணியவில்லை என்றால், மறுநாள் பாதியாகக் குறையுங்கள்.

தேய்ந்த குருத்தெலும்பு இதனால் திரும்ப வளராது. வலி குறையும், பிடிமானம் கூடும். அதற்கும் ஆறு வாரம் முதல் மூன்று மாதம் வரை பொறுமை வேண்டும். கூடவே கரண்டி, கத்திப் பிடிகளில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். கனமான பாத்திரத்தை இரண்டு உள்ளங்கையாலும் தூக்குங்கள். வலி மிகுந்த நாட்களில் கட்டைவிரலை அசையாமல் தாங்கும் பட்டை (ஸ்பிளின்ட்) நல்ல துணை.

காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பல மூட்டுகள் வீங்கினாலோ, இரவில் விரல்கள் மரத்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மூன்று மாதம் கழித்து அந்த அம்மா ஒரு முழம் மல்லிகையோடு வந்தார். எதிரில் உட்கார்ந்தே நாலு கண்ணி கட்டிக் காட்டினார். கட்டைவிரல் வட்டமாகவே நின்றது. வலி முழுதாகப் போகவில்லை. அரை மணிக்கு ஒருதரம் நாரைக் கீழே வைத்துக் கையை விரித்துக்கொள்கிறாராம். குக்கர் மூடியை இப்போது அவரே திறக்கிறார்.