திருமுன்

‘ஆண்டவர் திருமுன்’ என்று கத்தோலிக்கத் திருப்பலியிலும் செபத்திலும் வரும் சொல். கடவுளின் முகத்துக்கு நேரே, அவர் பார்வையில் இருக்கும் நிலை என்பது பொருள். எபிரேய மறைநூலில் இதற்கு இணையான ‘லிஃப்னே’, சொல்லுக்குச் சொல் ‘முகத்துக்கு முன்’தான். தமிழில் ‘முன்’ இடப்பொருள் உருபு. நன்னூல் அடுக்கும் ஏழாம் வேற்றுமை உருபுகளில் அதுவும் உண்டு. ‘திரு’ என்ற அடை சேர்ந்ததும் சொல் நிறைவாகிவிடுகிறது.

செட்டிநாட்டில் காதுக்குப் பழகியது சந்நிதி, பேச்சில் சன்னதி. வடமொழியில் ‘அருகில் இருத்தல்’. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ‘தேவ சந்நிதானம்’ என்று செபிப்பவர் சொல்வதில் பிழையே இல்லை. குழப்புவது பிரசன்னம். வடமொழியில் அதற்குத் தெளிவு, மலர்ச்சி, அருள்கூர்தல் என்றே பொருள். ‘வந்திருத்தல்’ என்பது தமிழ் வழக்கில் ஏறியது. நற்கருணையில், அதாவது திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தில், இயேசு மெய்யாகவே இருக்கிறார் என்று திரிதெந்து (Trent) பொதுச்சங்கம் 1551இல் அறுதியிட்ட கோட்பாட்டைச் சொல்ல ‘மெய்யான உடனிருப்பு’ என்பதே பொருத்தம். உடனிருப்பு அவருடையது; திருமுன் நாம் நிற்கும் இடம். ஆகவே ‘நற்கருணையில் இயேசுவின் திருமுன்’ என்று எழுதக்கூடாது. ‘நற்கருணை ஆண்டவர் திருமுன் காத்திருந்தோம்’ என்பது சரி.

திருமுன் எங்கே என்பதை, நற்கருணையை வைத்துக் காக்கும் பேழை அருகே எரியும் அணையா விளக்கு காட்டும். பேழை பக்கச் சிற்றாலயத்தில் இருக்கும் கோவில்களில் பலர் பழக்கத்தில் பீடத்தை நோக்கி மண்டியிடுகிறார்கள். பீடத்துக்கு உடல் தாழ்த்தி வணங்கினால் போதும், மண்டியிடுவது நற்கருணைக்கு. வலது முழங்கால் தரையைத் தொடவேண்டும். பாதி மடக்கி எழுவது மண்டியிடுதல் ஆகாது. முழங்கால் ஒத்துழைக்காதவர் தயங்கவேண்டாம்: கைகூப்பித் தாழ்ந்து வணங்கும் நம் நாட்டு முறைக்கு 1969இலேயே உரோமை இசைவு தந்துள்ளது. பெரிய வெள்ளியன்று பேழை வெறுமையாக இருக்கும். அன்று மாலை சிலுவை ஆராதனை தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவின் முந்திய இரவில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்பு வரை சிலுவைக்கே மண்டியிடுகிறோம்.

ஆராதனைக்குக் கதிர் வடிவக் காட்சிக்கலமான கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணையை எல்லாரும் காணப் பீடத்தில் வைக்கும்போது, அதாவது எழுந்தேற்றம் செய்யும்போது, நான்கு அல்லது ஆறு மெழுகுதிரிகள், தூபம். அப்போதும் ஒரு முழங்காலே என்று 1973ஆம் ஆண்டுச் சடங்குமுறை சொல்கிறது. இரு முழங்காலும் ஊன்றும் பழைய வழக்கைப் பெரியவர்கள் விடவில்லை, அதைத் திருத்தப் போகவேண்டியதில்லை. திருத்தவேண்டியது அவசரத்தை. ஆசீர் கொடுப்பதற்காக மட்டும் எழுந்தேற்றம் செய்யக்கூடாது என்று அதே சடங்குமுறை தடுக்கிறது. வாசகம், பாடல், மன்றாட்டு, அமைதி எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். பெரும்பாலும் பலியாவது அமைதிதான்: ஒலிபெருக்கியில் பாட்டு முடியுமுன் மன்றாட்டு, அது முடியுமுன் அடுத்த பாட்டு. ‘ஆண்டவருக்காகக் காத்திரு’ என்று 27ஆம் திருப்பாடல் முடிகிறது; காத்திருக்க இடைவெளி வேண்டாமா? வழிநடத்துபவர் வாசகத்துக்குப் பின் ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, பத்து நிமிடமாவது தாமும் பீடத்திலுள்ள நற்கருணையை நோக்கி முழந்தாளிட்டிருக்கட்டும்.