சப்ளிமென்ட்: குறைநிரப்பியா, மிகைநிரப்பியா?

தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் பென்னாகரத்து அம்மா ஒருவர் சத்து மாத்திரை கேட்டார். "இம்யூனிட்டி சப்ளிமென்டா அம்மா?" என்றார் கடைக்காரர். அந்த அம்மா ஒரு கணம் விழித்துவிட்டு, "சத்து மாத்திரைதான்" என்று மறுபடியும் சொன்னார்.

சப்ளிமென்ட் இலத்தீன் வழி வந்த சொல். 'சப்ளேரே' என்றால் குறைந்ததை நிரப்புதல். அதில் பிறந்த 'சப்ளிமென்டும்' என்ற இலத்தீன் சொல், உரோமப் படையில் ஆள் குறைந்த பிரிவுகளுக்கு அனுப்பப்பட்ட புது வீரர்களையும் குறித்தது. நோயை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்களைப் படைவீரர்கள் என்று எழுதி எழுதித் தேய்ந்துபோன உவமை, இங்கே ஒருமுறையாவது பொருந்துகிறது.

தமிழில் இச்சொல்லுக்குப் பல முகங்கள். நாளிதழோடு வந்தால் இணைப்பிதழ். கணக்கில் இரு கோணங்கள் சேர்ந்து 180 பாகையானால் மிகைநிரப்பு கோணங்கள். அதே தடத்தில் மாத்திரையையும் 'மிகைநிரப்பி' என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். கூடாது, உடலின் கணக்கு வேறு.

துத்தநாகத்தை எடுத்துக்கொள்வோம். அது உடலில் குறைந்தால் நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி அணுக்கள் முதிர்வது அங்கேதான். 'டி' என்ற பெயரே தைமஸின் முதலெழுத்து. ஆகவே அவற்றின் எண்ணிக்கையும் சரிகிறது. குறையை மாத்திரையால் ஈடுசெய்தால் மீண்டும் ஏறுகிறது. குறையே இல்லாதவர் விழுங்கினால் படை இரட்டிப்பாகிவிடாது. நெடுநாள் அளவு மீறினால் கதை தலைகீழாகும்: மிகுந்த துத்தநாகம் தாமிரம் உடலில் சேர்வதைத் தடுக்கும், தாமிரம் குறைந்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் குறையும். படை பெருக்கப் போய்ப் படையை இழந்த கதை. அணுக்கள் ஏறினால் நல்லது என்றும் சொல்லிவிட முடியாது. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வெள்ளணுக்கள் இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் மருத்துவர் முதலில் தேடுவது நோய்த்தொற்றை.

அதனால் என் தேர்வு 'குறைநிரப்பி'. 'எது குறை?' என்று கேட்க வைக்கும் சொல் அது. 'துணைச்சத்து' காதுக்கு இனிது. ஆனால் துணை எவ்வளவு இருந்தாலும் நல்லதுதானே என்று தோன்ற வைத்துவிடும்.

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட எங்கள் தருமபுரிக்காரர்களிடம் இதைச் சொன்னால் அதியமானின் நெல்லிக்கனியைக் காட்டுவார்கள். ஔவைக்கு அவன் கொடுத்த கனி சாவையே தள்ளிவைப்பது. குறையை நிரப்பும் சரக்கு அல்ல. மிகைநிரப்பி என்ற பெயர் அதற்கு வேண்டுமானால் பொருந்தும். கடையில் அது கிடைக்காது.

நம் பக்கத்துக் கேழ்வரகிலும் துத்தநாகம் உண்டு. ஆனால் தானியத்தில் இருக்கும் ஃபைட்டேட் என்ற வேதிப்பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொண்டு உடலில் எளிதில் சேரவிடுவதில்லை. முளைகட்டினால் அந்தப் பிடி தளர்கிறது. முளைகட்டிய கேழ்வரகை அரைத்துக் கூழ் காய்ச்சும் பாட்டிகள் அதை இன்னும் 'சத்து மாவு' என்றுதான் சொல்கிறார்கள்.