சின்னத் தட்டுக்கு ஏன் பெரிய ஓட்டை?

பழைய இசைத்தட்டுக் குவியலைக் கிளறினால் ஒரு விநோதம் கண்ணில் படும். 12 அங்குல எல்பி (நீண்ட நேரம் ஓடும்) தட்டின் நடுவில் பென்சில் தடிமனுக்கு, சுமார் 7 மில்லிமீட்டரில் ஓர் ஓட்டை. அமெரிக்காவில் அச்சான 7 அங்குலத் தட்டிலோ 38 மில்லிமீட்டர்! சின்ன எலுமிச்சம்பழமே நுழைந்துவிடும்.

முதலில் இருந்தது 78. அரக்கில் கல்தூள் கலந்து செய்த தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று. ஊசி ஓடும் பள்ளமும் அகலம், வேகமும் அதிகம். 10 அங்குலத் தட்டில் மூன்று நிமிடப் பாட்டுக்கே ஒரு பக்கம் தீர்ந்துவிடும். 1948இல் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனம் வினைல் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறியது. வினைல் வழவழப்பானது, இரைச்சல் குறைவு. அதனால் நுண்ணிய பள்ளங்களை நெருக்கி வெட்ட முடிந்தது. வேகத்தையும் 33⅓ ஆக்கினார்கள். (1920களில் சினிமாப் படச்சுருளோடு ஓடிய ஒலித்தட்டுகளின் வேகம்தான் அது.) பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. இதுதான் எல்பி.

சும்மா கிடைத்துவிடவில்லை. எல்பி ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி. அந்த நேரத்தில் விளிம்பில் ஊசிக்கடியில் சுமார் 90 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, லேபிளை நெருங்கும்போது 40 செ.மீ.கூடத் தேறாது. அதே அளவு ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து நிற்கும்போது, நுணுக்கமான நெளிவுகளில் ஊசி தடுமாறும். கடைசிப் பாட்டில் 'ஸ' ஒலிகள் கரகரப்பது இதனால்தான்.

1949இல் ஆர்சிஏ விக்டர் என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனம் போட்டிக்கு இறங்கியது. அந்த 7 அங்குலத் தட்டு அதனுடையதுதான்: நிமிடத்துக்கு 45 சுற்று, பக்கத்துக்கு ஒரு பாட்டு. தட்டை மட்டுமல்ல, தானாகத் தட்டு மாற்றும் பிளேயரையும் சேர்த்தே யோசித்தார்கள். அடுக்கி வைத்த தட்டுகளில் ஒன்று முடிந்ததும் அடுத்தது விழ வேண்டும். ஓட்டைக்குள் நிற்கும் பிளேயரின் தண்டு மெல்லியது என்றால் அடுக்கு சாயாமல் பிடிக்கத் தனியாக ஒரு கை வேண்டும். தண்டைப் பருமனாக்கினால் தட்டைத் தாங்கி, ஒவ்வொன்றாக விடும் பொறி முழுக்க அதற்குள்ளேயே அடங்கிவிடும். அதற்குத்தான் அந்தப் பெரிய ஓட்டை. லேபிள் பகுதியும் சற்றுத் தடிப்பு. ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பள்ளங்கள் உரசாது. மூன்றில் இதுதான் கெட்டிக்கார வடிவமைப்பு என்பேன்.

சண்டையில் யாரும் தோற்கவில்லை. சில ஆண்டுகளில் இரு நிறுவனங்களும் இரண்டு வகையையும் விற்றன. எல்பி பிளேயரில் 45 கேட்க ஆசைப்பட்டவர்களுக்குத்தான் தலைவலி: ஓட்டைக்குள் ஒரு பிளாஸ்டிக் வில்லையைச் செருக வேண்டும். அது தொலைந்து, கண்ணளவில் தட்டை நடுவில் வைத்து ஓட்டினால் பாட்டு ஊஞ்சலாடும்.